ஒரு நாடு கூட்டமைப்பில் சேரும்போது மனித உரிமைக் கணக்கைப் பார்ப்பது எப்படி? பர்மா–ஆசியான் ஆவணங்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர் உச்சி மாநாட்டில் கிழக்குத் திமோர், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அது விண்ணப்பம் போட்டது 2011 மார்ச்சில். வாசலிலேயே 14 வருடம் நின்றது. செய்தியைப் பார்த்த ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், "நம்ம நாடு எப்பச் சேர்ந்தது? நம்மளையும் இப்படி நிக்க வெச்சாங்களா?" என்று கேட்டார்கள்.

நிற்க வைக்கவில்லை. 1996 ஜூலையில் பார்வையாளர், 1997 ஜூலை 23இல் முழு உறுப்பினர். அந்த ஒரு வருடத்தில் உலகம் முழுக்க பர்மாவின் மனித உரிமை நிலையைப் பற்றித்தான் பேச்சு. பேச்சு பேச்சாகவே இருந்தது, கதவு திறந்துவிட்டது.

எப்படித் திறந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பத்திரிகைத் தலைப்பை நம்பாமல் நீங்களே ஆராய்ந்து பார்க்க ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் தமிழ் வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகளையும், கோயில் நூலகத்தில் உட்கார்ந்து அரசியல் பேசும் அண்ணன்மாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். முறை எந்த நாட்டுக்கும் பொருந்தும். துருக்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் என்றாலும் இதே படிகள்தான்.

தொடங்குமுன்

நாட்டுக்குள் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 பிப்ரவரியில் தண்டனைச் சட்டத்தில் 505ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மக்களிடம் அச்சம் உண்டாக்கினார், பொய்ச் செய்தி பரப்பினார் என்று கருதினால் 3 வருடம் வரை சிறை. ஃபேஸ்புக்கில் லைக் போடுவதும் பகிர்வதும்கூடக் குற்றமாகலாம் என்று 2022இல் ஆட்சியாளர்களே அறிவித்தார்கள். அதனால் குறிப்பை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். வைபர் குழுவில் சுற்றுக்கு விடாதீர்கள். சங்கத்தின் பெயரையும் கோயில் பெயரையும் எந்தத் தாளிலும் போடாதீர்கள். படிப்பது உங்கள் உரிமை, ஆனால் மாட்டிக்கொண்டால் குடும்பம்தான் அலையும்.

படி 1: வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

எந்தக் கூட்டமைப்பாக இருந்தாலும் முதலில் தேட வேண்டியது உறுப்பினர் சேர்க்கை விதி. நாட்டின் குற்றப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். விதியில் மனித உரிமை என்ற சொல்லே இல்லையென்றால், வெளியே எவ்வளவு கூச்சல் போட்டாலும் உள்ளே அது சட்டக் கேள்வியாக மாறாது.

ஆசியான் 1967 ஆகஸ்ட் 8இல் பாங்காக்கில் தொடங்கியது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஐந்து நாடுகள். பாங்காக் பிரகடனம் சேர்க்கையைப் பற்றிச் சொல்வது மிகவும் கொஞ்சம்: தென்கிழக்காசியாவில் இருக்கும், எங்கள் நோக்கங்களையும் கொள்கைகளையும் ஏற்கும் எந்த நாடும் சேரலாம். அவ்வளவுதான். தேர்தல் நடத்தியிருக்க வேண்டும், சிறையில் அரசியல் கைதிகள் இருக்கக் கூடாது என்றெல்லாம் எதுவும் இல்லை.

பர்மா விண்ணப்பித்த காலத்தில் இருந்த விதி இதுதான். ஆசியான் சாசனம் வந்தது பிறகு: 2007 நவம்பரில் கையெழுத்து, 2008 டிசம்பர் 15 முதல் நடைமுறை. அதன் 6ஆவது பிரிவு நான்கு நிபந்தனை வைக்கிறது. வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும், எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஒரு நாடாக அங்கீகரித்திருக்க வேண்டும், சாசனத்துக்குக் கட்டுப்பட ஒப்ப வேண்டும், உறுப்பினர் கடமைகளை நிறைவேற்றும் திறனும் மனமும் வேண்டும். மனித உரிமையைக் காப்பது சாசனத்தின் கொள்கைகளில் ஒன்று என்பதால், மூன்றாவது நிபந்தனை வழியாக அது சுற்றுவழியில் உள்ளே வருகிறது. ஆனால் அதே கொள்கைப் பட்டியலில், அதற்குச் சில வரி மேலேயே, ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாது என்பதும் இருக்கிறது. முடிவெல்லாம் ஒருமித்த கருத்தில்தான்.

ஆக, நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். மனித உரிமை நுழைவு நிபந்தனையா? அதை அளப்பது யார்? ஒரே ஒரு நாடு மறுத்தால் முடிவு நின்றுவிடுமா? 1997 பர்மாவுக்கு விடைகள்: இல்லை, யாருமில்லை, ஆம். மூன்றாவது விடையைக் கவனியுங்கள். தடுக்கும் சக்தி ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

படி 2: இரண்டு பத்தியில் தேதிகளை எழுதுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் விண்ணப்பத்தின் நடையையும் வலப்பக்கம் நாட்டுக்குள் நடந்ததையும் எழுதுங்கள். தனித்தனியாகப் படித்தபோது தெரியாதது பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தெரியும்.

பின்னணியை இரண்டு மூன்று வரியில் முடித்துவிடலாம். 1988இல் மக்கள் எழுச்சி, செப்டம்பர் 18இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1990 மே 27 தேர்தலில் தேசிய ஜனநாயக லீக் 392 இடம் வென்றது. ஆட்சி கைமாறவில்லை. அந்தக் கட்சியின் முகமான ஆங் சான் சூச்சி 1989 ஜூலையிலிருந்தே வீட்டுக்காவலில்.

இனி இரண்டு பத்தி. 1995 ஜூலை 10, வலப்பக்கம்: சூச்சி விடுதலை. 1995 ஜூலை 27, இடப்பக்கம்: ஆசியானின் நட்புறவு, ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் பர்மா சேர்ந்தது. நடுவில் 17 நாள்தான். அந்த விடுதலை யாருக்காக என்று நான் சொல்ல மாட்டேன், இராணுவத்தின் மனதுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் நாடு வாசலுக்கு வரும் வாரத்தில் ஒரு நல்ல செய்தி கொடுப்பது எல்லா வட்டாரத்திலும் பார்க்கிற விஷயம். நல்ல செய்தியின் தேதியை எப்போதும் இடப்பக்கத் தேதியோடு ஒப்பிடுங்கள். அந்த ஒப்பந்தம் 1976இல் பாலியில் எழுதியது, அதன் மையமே உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமை. அதாவது உறுப்பினர் ஆவதற்கு முன்பே கேடயம் கைக்கு வந்துவிட்டது.

1996 மே, வலப்பக்கம்: லீக் கட்சி மாநாடு கூட்ட முயன்றபோது 250 பேருக்கு மேல் கைது. 1996 ஜூன்: ரங்கூனில் சில ஐரோப்பிய நாடுகளின் கௌரவத் தூதராக இருந்த ஜேம்ஸ் லியாண்டர் நிக்கல்ஸ் சிறைக்காவலில் இறந்தார். அனுமதியில்லாமல் ஃபேக்ஸ் இயந்திரமும் தொலைபேசி இணைப்பும் வைத்திருந்ததுதான் வழக்கு. சூச்சியின் குடும்ப நண்பர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பா கொதித்தது. இடப்பக்கம், அடுத்த மாதமே, 1996 ஜூலை: ஜகார்த்தா கூட்டத்தில் பர்மாவுக்குப் பார்வையாளர் தகுதி.

1996 அக்டோபர்: ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சியாளர்களுக்கு விசா மறுக்க முடிவு செய்தது. நவம்பர்: ரங்கூனில் சூச்சியின் கார் வரிசை தாக்கப்பட்டது. டிசம்பர்: மாணவர் போராட்டம். அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்களைப் பூட்டினார்கள், பெரும்பாலானவை 2000இல்தான் திறந்தன. அந்த வயதில் இருந்தவர்கள் உங்கள் அப்பா அம்மாவாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், படிப்பு நடுவில் நின்ற கதை பல வீட்டில் உண்டு.

1997 மார்ச்: கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி ஐரோப்பா வரிச்சலுகையை நிறுத்தியது. மே 20: அமெரிக்க அதிபர் கிளின்டன் புதிய முதலீட்டுக்குத் தடை போட்டார். மே 31, இடப்பக்கம்: ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கோலாலம்பூரில் கூடி, பர்மா, லாவோஸ், கம்போடியா மூன்றையும் ஜூலையில் சேர்ப்பதாக முடிவெடுத்தார்கள். அமெரிக்கத் தடைக்கும் அந்த முடிவுக்கும் இடையில் 11 நாள். மேற்கின் அழுத்தம் கூடக்கூட ஆசியானின் பிடிவாதமும் கூடியது. வெளி அழுத்தம் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் நிற்பவனின் குற்றத்தைப் பற்றிய பேச்சு, வாசற்காரனின் மானத்தைப் பற்றிய பேச்சாக மாறும் நேரம் ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதும் பட்டியலில் அந்தத் தேதியைக் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள்.

படி 3: குற்றச்சாட்டுகளைப் பிரித்து அடுக்குங்கள்

"மனித உரிமை மீறல்" என்று மொத்தமாகச் சொன்னால் எதையும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் போட்டு, மேலே அது எந்தச் சட்டத்தை அல்லது ஒப்பந்தத்தை மீறுகிறது என்று எழுதுங்கள். 1997 பர்மாவுக்கு நான்கு தாள் போதும்: அரசியல் கைதிகள், தேர்தல் முடிவை மதிக்காதது, கட்டாய உழைப்பு, குடியுரிமை. எல்லைப்புறத்தில் ஷான், கரேன் மக்களை ஊரைவிட்டுக் கிளப்பியது ஐந்தாவது தாளாகவே நீளும். முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

கட்டாய உழைப்புத் தாள் மிகவும் பயனுள்ளது. ஏனென்றால் இங்கே பர்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 29ஆவது உடன்படிக்கையை பர்மா 1955இல் ஏற்றது. 1990களில் ரோடு போட, தண்டவாளம் போட, இராணுவத்துக்கு மூட்டை தூக்க "வீட்டுக்கு ஒரு ஆள்" என்று அதிகாரிகள் கேட்பது கிராமங்களில் வழக்கம். ஆள் போகாவிட்டால் பணம். 1996 ஜூனில் தொழிலாளர் பிரதிநிதிகள் 25 பேர் புகார் கொடுத்தார்கள். 1997 மார்ச்சில் விசாரணைக் குழு அமைந்தது. அதாவது ஆசியான் கதவைத் திறந்தபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. அறிக்கை வந்தது 1998 ஜூலையில், சேர்ந்து ஒரு வருடம் கழித்து. பரவலாகவும் முறையாகவும் கட்டாய உழைப்பு நடக்கிறது என்று அது சொன்னது. 2000 ஜூனில் அந்த அமைப்பு தன் விதிகளின் 33ஆவது பிரிவை முதன்முறையாக எடுத்தது, அதுவும் பர்மாவுக்கு எதிராக.

நடக்கும் விசாரணை முடியும்வரை காத்திருக்கலாமே என்று ஆசியானில் யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதான். கோப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தில்தான் எரிச்சல் வரும்.

குடியுரிமைத் தாள் நம்மைப் பற்றியது. 1982 சட்டம் குடிமக்களை மூன்று அடுக்காக வைத்தது: முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியேறிக் குடிமையானவர்கள். முழுக் குடிமை முதலில் யாருக்கு என்றால், 1823க்கு முன்பே இங்கே நிலைத்திருந்த இனங்களுக்கு. முதல் ஆங்கில–பர்மிய யுத்தம் 1824. நம் முன்னோர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு, நெல் வயலுக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வந்தவர்கள். செட்டியார் கடைகளும் அப்படித்தான். அரசு அங்கீகரித்த 135 இனங்களில் தமிழர் இல்லை. 1948 சட்டப்படி விண்ணப்பித்திருந்தவர்களுக்கு நீல அட்டை, சுதந்திரத்துக்கு முன் வந்ததைக் காட்ட முடிந்தவர்களுக்குப் பச்சை, ஒன்றும் முடியாதவர்களுக்கு வெளிநாட்டவர் பதிவு என்ற எஃப்ஆர்சி. மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடிமை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆவணம் இருந்தால்தானே! 1964இல் கடையை அரசு எடுத்துக்கொண்டு, 50, 100 சாட் நோட்டைச் செல்லாது என்று அறிவித்து, லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறிய கலவரத்தில் எத்தனை வீட்டுத் தாள்கள் தொலைந்தன என்று யார் எண்ணியது?

1995 முதல் 1997 வரை ஆசியான் மேசையில் இந்தச் சட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மேற்கத்திய அரசுகளும் சூச்சியைப் பற்றித்தான் பேசின. ரோஹிங்கியா மக்களுக்கு இதே சட்டம் என்ன செய்தது என்பதை உலகம் 2017இல், 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடியபோது கவனித்தது. ஆகவே தாள்களை அடுக்கியதும் எந்தத் தாளை யாருமே எடுக்கவில்லை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிரபலமான முகம் இல்லாத மீறல்கள் வழக்கமாக அங்கேதான் கிடக்கும்.

படி 4: சாட்சி சொல்பவரை உள்ளே விட்டார்களா?

ஐ.நா. மனித உரிமை ஆணையம் 1992இல் பர்மாவுக்கென்று சிறப்பு அறிக்கையாளரை நியமித்தது. முதலாமவர் ஜப்பானின் யோசோ யோக்கோட்டா, அவரை உள்ளே விட்டார்கள். 1996இல் வந்தவர் மொரீஷியஸ் நீதிபதி ராஜ்சூமர் லாலா. 2000 வரை பொறுப்பில் இருந்தும் ஒரு முறைகூட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழுவுக்கும் இதே கதிதான். அவர்கள் இந்தியா, வங்கதேசம், தாய்லாந்து போய், தப்பி வந்தவர்கள் சுமார் 250 பேரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள்.

அறிக்கையை நம்பலாமா வேண்டாமா என்று குழம்பினால் இந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: கதவைப் பூட்டியது யார்? உள்ளே வந்து பாருங்கள் என்று அழைத்துவிட்டு அறிக்கையை மறுக்கும் அரசுக்கு ஒரு மதிப்பு உண்டு. வரவும் விடமாட்டேன், நீ சொல்வதும் பொய் என்கிற அரசுக்கு அந்த மதிப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. அதேநேரம், எல்லைக்கு அப்பால் எடுத்த வாக்குமூலம் எல்லைப்புறத்தைப் பற்றி நிறையச் சொல்லும், உள்நாட்டின் நடுப்பகுதியைப் பற்றிக் குறைவாகச் சொல்லும். பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் என்ன நடந்தது என்பது அந்த 250 பேரிடமிருந்து அவ்வளவாகக் கிடைக்காது.

படி 5: சேர்த்துக்கொண்டவர்களின் கணக்கை எழுதுங்கள்

மனித உரிமை பேசுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், அதனால்தான் தோற்கிறார்கள். எதிர்த் தரப்பின் காரணங்களைக் கேலி செய்யாமல், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

முதலாவது, ஆக்கபூர்வ ஈடுபாடு. ஒதுக்கினால் திருந்தாது, உட்கார வைத்துப் பேசினால் மெல்ல மாறும் என்ற வாதம். தாய்லாந்திலிருந்து கிளம்பியது. இரண்டாவது, சீனா. 1988க்குப் பிறகு பர்மாவுக்கு ஆயுதமும் கடனும் சீனாவிலிருந்து வந்தன. வெளியே விட்டால் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும் என்ற பயம். மூன்றாவது, ஆசியானுக்கு 1997இல் 30 வயது, அந்த வருடமே பத்து நாடுகளும் ஒரு குடைக்குள் என்று காட்ட ஆசை. அப்போது தலைமை மலேசியாவிடம், பிரதமர் மகாதீர். நான்காவதைக் கூட்டத்தில் யாரும் உரக்கச் சொல்லவில்லை: தேக்கு, மீன், ஹோட்டல், எரிவாயு. யடானா கடல்வயல் எரிவாயுவைத் தாய்லாந்துக்கு விற்க 1995இலேயே ஒப்பந்தம் போட்டாயிற்று.

பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் தயங்கின. தாய்லாந்துக்கு அகதி முகாம்கள் சொந்த மண்ணிலேயே இருந்தன. ஆனால் தயக்கம் என்பது மறுப்பு இல்லை.

இதில் எது உண்மையாயிற்று என்று பக்கத்தில் குறி போடுங்கள். சீனாவின் பிடி தளரவில்லை. எரிவாயு ஓடியது. பத்து நாடு என்ற ஆசைக்கும் அந்த வருடம் ஒன்று குறைந்துவிட்டது. அதுதான் அடுத்த படி.

படி 6: அதே மாதத்தில் வேறு நாட்டுக்கு என்ன செய்தார்கள்?

ஒப்பிட ஒரு நாடு வேண்டும். அதுவும் அதே காலம், அதே மேசை என்றால் நல்லது. நமக்கு அது கையிலேயே கிடைக்கிறது. 1997 ஜூலை 5இல் கம்போடியாவில் ஹுன் சென் படைகள் துப்பாக்கி முனையில் கூட்டுப் பிரதமர் ரணரித்தைத் தள்ளின. ஐந்தே நாளில் ஆசியான் கம்போடியாவின் சேர்க்கையைத் தள்ளிவைத்தது. 1999 ஏப்ரல் 30இல்தான் அது உள்ளே வந்தது. பர்மாவும் லாவோசும் ஜூலை 23இல் சேர்ந்தன.

1988இல் துப்பாக்கியால் ஆட்சியைப் பிடித்து, 1990 தேர்தலைக் கிடப்பில் போட்டவர்களுக்கு இடம் உண்டு, 1997இல் பிடித்தவருக்கு இல்லை. கம்போடியாவில் 1991 பாரிஸ் சமாதான ஒப்பந்தம் இருந்தது, அதில் ஆசியான் நாடுகளுக்கும் பங்கு. பர்மாவில் அப்படி ஒரு தாள் கிடையாது. ஆனால் என் கணிப்பில், அதைவிடப் பெரிய காரணம் நேரம்தான். வாசலில் நிற்கும்போது சுட்டால் தெரியும். ஒன்பது வருடம் முன்னே சுட்டது பழைய கதை.

தடுக்க முடியாது என்றில்லை, மனமிருந்தால் ஐந்து நாளில் தடுத்திருக்கலாம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

படி 7: சேர்ந்த பிறகு கையில் என்ன மிஞ்சியது?

பெண் கொடுக்கும் முன் விசாரிக்காததைக் கல்யாணத்துக்கு அப்புறம் விசாரித்தால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஆசியானும் அந்த நிலையில்தான் மாட்டியது.

2003 மே 30இல் டெபாயினில் சூச்சியின் பயணக் குழுவைக் கும்பல் தாக்கியது, அவரை மறுபடி காவலில் வைத்தார்கள். அடுத்த மாதம் ஆசியான் அமைச்சர்கள் அவரை விடச் சொல்லிக் கேட்டார்கள். கடைசி வழியாக பர்மாவை வெளியேற்றவும் நேரலாம் என்று மகாதீரே பேசினார், கதவைத் திறந்த அதே மனிதர். 2005 ஜூலையில், முறைப்படி வர வேண்டிய 2006 தலைமைப் பொறுப்பை பர்மா விட்டுக்கொடுத்தது. பிலிப்பைன்ஸ் எடுத்துக்கொண்டது. 2014இல் தலைமை வந்தது, அது நம்பிக்கை இருந்த காலம். 2021 பிப்ரவரி 1இல் மறுபடி இராணுவம். ஏப்ரல் 24இல் ஜகார்த்தாவில் ஐந்து அம்ச உடன்பாடு: வன்முறையை நிறுத்து, பேசு, தூதர் ஒருவர், உதவிப் பொருள், தூதர் எல்லாத் தரப்பையும் பார்க்கலாம். எதுவும் சொன்னபடி நடக்கவில்லை. அந்த அக்டோபர் உச்சி மாநாட்டுக்கு அப்போதைய இராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கை அழைக்கவில்லை, அரசியல் சாராத ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். 2026 தலைமையும் போயிற்று, இந்த முறையும் பிலிப்பைன்சுக்கே.

இந்தப் படியில் எழுத வேண்டியது ஒரு சின்னப் பட்டியல்: சேர்ந்த பிறகு கூட்டமைப்பு உண்மையில் எதையெல்லாம் பறித்தது? தலைமை, உச்சி மாநாட்டு நாற்காலி. உறுப்பினர் பதவி அப்படியே இருக்கிறது. சாசனத்தில் வெளியேற்றும் பிரிவே இல்லை. கடுமையான மீறல் என்றால் உச்சி மாநாட்டுக்கு அனுப்பலாம், அங்கேயும் ஒருமித்த கருத்துதான்.

நல்லதும் நடந்தது, அதையும் எழுதுங்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அழித்தபோது ஆட்சியாளர்கள் வெளிநாட்டு உதவியைத் தடுத்தார்கள். ஆசியான் உறுப்பினர் என்ற உறவால்தான் ஐ.நா.வும் ஆசியானும் அரசும் சேர்ந்த மூன்று தரப்பு ஏற்பாடு சாத்தியமானது. அதற்குள் ஒரு லட்சத்துக்கு மேல் உயிர் போயிருந்தது. ஆனாலும் உறுப்பினராக இல்லாத பர்மாவுக்குள் அந்த உதவியும் நுழைந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆக்கபூர்வ ஈடுபாட்டுக்காரர்களுக்கு இந்த மதிப்பெண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

படி 8: மற்ற வாசல்களை ஒரு பார்வை

ஐரோப்பிய ஒன்றியம் 1993 கோபன்ஹேகன் விதிகளில் ஜனநாயகம், சட்ட ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மைப் பாதுகாப்பு ஆகியவற்றை நுழைவு நிபந்தனையாகவே எழுதிவிட்டது. பேச்சுவார்த்தை 35 அத்தியாயம். நீதித்துறையும் அடிப்படை உரிமையும் 23ஆவது. துருக்கி 1987இல் விண்ணப்பித்து, மரண தண்டனையை ஒழித்து, 2005இல் பேச்சைத் தொடங்கியது. 16 அத்தியாயம் திறந்து ஒன்றைத்தான் மூடியது. 2018இல் பேச்சு உறைந்துபோயிற்று என்று ஒன்றியமே சொல்லிவிட்டது. வாசலில் நின்றவரை துருக்கி மாறியது, உள்ளே விடமாட்டார்கள் என்று தோன்றியதும் மாற்றம் திரும்பிப் போனது. அதையும் கணக்கில் வையுங்கள். உள்ளே வந்தவர்களிடம் ஐரோப்பாவும் பலவீனம்தான்: ஹங்கேரி மீது 2018இல் தொடங்கிய 7ஆவது பிரிவு நடவடிக்கை, மற்ற எல்லா நாடும் ஒப்பினால்தான் தண்டனை வரை போகும்.

கிழக்குத் திமோரை 14 வருடம் நிறுத்தியது மனித உரிமைக் குறை அல்ல. அதிகாரிகள் போதாது, பொருளாதாரம் சின்னது, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்கு ஆள் அனுப்ப முடியுமா என்ற கேள்விகள். வட்டாரத்திலேயே சுதந்திரமான தேர்தல் நடத்தும் நாடுகளில் ஒன்று இப்படிக் காத்திருந்தது. 2023 ஆகஸ்டில் பர்மிய இராணுவ ஆட்சி, எதிரணி அரசோடு பேசினார்கள் என்று திமோரின் தூதரக அதிகாரியை ரங்கூனிலிருந்து வெளியேற்றியது. உள்ளே இருப்பவன் வெளியே நிற்பவனை மிரட்டலாம் என்பதும் உறுப்பினர் பதவியின் பலன்.

படி 9: நீங்களே எழுத வேண்டுமானால்

ஆசியானின் மனித உரிமைக் குழு 2009 முதல் இருக்கிறது. உறுப்பினர்களை அரசுகளே நியமிக்கின்றன. தனிமனிதப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அங்கே எழுதித் தபால் செலவு செய்ய வேண்டாம்.

ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் ஜெனீவாவில் பரிசீலிக்கும் ஐ.நா.வின் உலகளாவிய காலமுறை ஆய்வு உருப்படியானது. பர்மா 2011, 2015, 2021இல் அதன் முன் நின்றது. மூன்றாவது முறை 2021 ஜனவரி 25, ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஒரு வாரம் முன். அரசு சாரா அமைப்பு ஒன்று தனியாக அனுப்பினால் 2,815 சொல் வரை, பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 வரை. ஆய்வுக்கு மாதக்கணக்கில் முன்பே கெடு முடிந்துவிடும், முதலில் தேதியைப் பாருங்கள். நாட்டுக்குள் இருக்கும் சங்கம் நேராக அனுப்புவதைவிட, வெளியே பதிவான ஒரு அமைப்பின் கூட்டு அறிக்கையில் உங்கள் பக்கத்தைச் சேர்ப்பது பாதுகாப்பு.

என்ன எழுதுவது? யாரும் எடுக்காத தாளை. நமக்கு அது குடியுரிமை. எந்த ஆண்டு, எந்த வகை அலுவலகம், எந்த நிற அட்டை கேட்டார்கள், என்ன ஆவணம் காட்டினார்கள், என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள், எத்தனை வருடம் இழுத்தது: இவ்வளவுதான் வேண்டும். "தமிழர்கள் துன்புறுகிறார்கள்" என்ற வரியால் ஜெனீவாவில் ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடிமை என்று 1982 சட்டமே சொல்லியும், தாத்தாவின் தாள் இல்லாததால் பேரனுக்குப் பச்சை அட்டைகூடக் கிடைக்கவில்லை என்று ஐந்து குடும்பத்தின் விவரத்தை எழுதினால், ஆய்வுக் கூட்டத்தில் ஏதாவது ஒரு நாடு அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியும்.

பெயர், தெரு, அட்டை எண் எதையும் போடாதீர்கள். குடும்பத்தை "அ", "ஆ" என்று குறியுங்கள். எந்தக் குறி எந்த வீடு என்ற பட்டியல் உங்கள் கைபேசியில் இருக்கக் கூடாது. எழுதுமுன் அந்த வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாவது முறை கேட்காதீர்கள்.